உல்சான் அளவு

2025 பெப்ரவரி 3, திங்கள்

கொரியர்கள் வந்துவிட்டார்கள். கடலில் நடும் காற்றாலைகளுக்காக டென்மார்க்கின் ஒடென்சே துறைமுகத்தில் நாங்கள் செய்யும் இரும்பு வளையங்களைப் பார்த்து ஏற்றுக்கொள்ள இரண்டு பேர். ஹான், ஐம்பத்தெட்டு வயது, வளையங்களை வாங்கும் கம்பனியின் ஆள், கொரியாவின் உல்சானில் இருந்து. எஸ்தர், முப்பத்தொன்று, சிக்காகோவில் பிறந்த கொரியப் பிள்ளை. வாங்குகிறவர்களின் அமெரிக்கப் பங்காளி அனுப்பியவள்.

வெல்டிங்கை ஒலியலை விட்டுச் சோதிப்பது என் வேலை. பத்தொன்பது வருடம். பதினான்கு வளையத்துக்கும் சரியென்று கையெழுத்து வைத்தாயிற்று. பயமில்லை.

கை கொடுத்ததும் ஹான் கேட்டது: "உல்சானில எங்கட கப்பல் கட்டுற தளம் பாத்திருக்கிறீங்களோ?" (எல்லாம் ஆங்கிலத்தில்தான். எனக்கு எழுத வருவது இப்படித்தான்.) எஸ்தர் கொரிய மொழியில் தடுமாறி ஏதோ சொன்னாள். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அவள் முகம் சட்டென்று வாடிப்போனது.

அந்த முகம் எனக்குத் தெரியும். ஹேர்னிங்கில் ஒரு கலியாண வீட்டில் என் மகள் கிருபாஷினியின் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் எதற்கும் டெனிஷில்தான் பதில்.

பெப்ரவரி 5

கன்டீனில் ஹான் ஒரு மூலை, எஸ்தர் ஒரு மூலை.

பெப்ரவரி 9, ஞாயிறு

எஸ்தரை எங்கள் சபைக்கு அழைத்துப் போனேன். போதகர் அன்புராஜா, இருநூறு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்காக நன்றி சொல்லி ஜெபித்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிக்காகோவில எங்கட சபையிலயும் இதே ஜெபம்தான். அமெரிக்கா இல்லாட்டிக் கொரியாவே இல்லை எண்டுவார் அப்பா. வீட்டு வாசலில அமெரிக்கக் கொடி. உல்சானில அப்பிடிச் சொல்லிப் பாருங்கோ. 'நாட்டைக் கட்டினது நாங்கள், அவையள் இல்லை' எண்டு சண்டைக்கு வருவினம்."

இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில். கிருபாஷினி அவளை நேரே கேட்டுவிட்டாள்: "அப்ப நீங்கள் ஆர்?"

"சிக்காகோவில கொரியன். சியோலில அமெரிக்கன்."

கிருபாஷினி எழும்பிப் போய் அவளுக்கு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள். இவள் யாருக்கும் பரிமாறி நான் கண்டதில்லை.

பெப்ரவரி 11

ஒன்பதாம் வளையத்தின் வெல்டிங்குக்குள் சரியாக ஒட்டாத ஒரு கீற்று. பதினொரு மில்லிமீற்றர் என்று நானே றிப்போட்டில் எழுதியது. அமெரிக்க விதி பன்னிரண்டு வரை விடும். ஹானின் கம்பனி தனக்கென்று வைத்திருக்கும் அளவு எட்டு. ஒப்பந்தத்தில் இருப்பது அமெரிக்க விதி என்றார் எங்கள் மனேஜர் ஹென்றிக். எஸ்தரும் ஓம் என்றாள்.

ஹான் மேசையில் அடித்தார். "அமெரிக்கன் சரியெண்டால் சரியோ? எத்தினை நாளைக்கு அவையின்ர கோலால எங்களை அளக்கிறது?" பிறகு எஸ்தரைப் பார்த்து, எல்லோருக்கும் விளங்கும்படி ஆங்கிலத்திலேயே: "உன்ர முகம் மட்டும்தான் கொரியன்."

அவள் எழும்பிப் போய்விட்டாள்.

அந்தாள் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. பிள்ளை என்ன பிழை செய்தது? கடதாசியில இருந்ததைத்தானே சொன்னது? ஆனால் அந்தக் கீற்று... பதினொண்டு எண்டு எழுதேக்க நான் உள்பக்கம் பாத்தனானோ? வெளியில இருந்துதானே அளந்தனான்?

பெப்ரவரி 12

ஆறு மணிக்கே போனேன். உள்பக்கம் அளக்க ஏணி வைத்து ஏறவேண்டும். அந்தப் பஞ்சியில், சோம்பலில்தான், அன்று விட்டிருந்தேன். ஏறும்போது கீழே யாரோ சோதிக்கும் கருவியின் கேபிளைப் பிடித்தார்கள். எஸ்தர். அவளுக்கும் நித்திரை இல்லையாம்.

உள்ளிருந்து பார்த்தால் பதினேழு. உல்சான் அளவிலும் தேறாது, அமெரிக்க அளவிலும் தேறாது.

என்ர கையெழுத்து. பத்தொன்பது வருசம்! எஸ்தர் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்கட றிப்போட். நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

ஹென்றிக்கின் அறையில் ஹானும் இருந்தார். நின்றபடியே சொன்னேன்: "ஒன்பதில நான் பிழை விட்டிட்டன். பதினேழு. என்ர கையெழுத்தைத் திருப்பி எடுக்கிறன். மற்றப் பதின்மூண்டையும் உள்ளுக்கால திரும்பப் பாப்பன்."

"கப்பல் வெள்ளிக்கிழமை, ஞானமலர்" என்றார் ஹென்றிக்.

"கப்பல் நிக்கட்டும்."

சொல்லிவிட்டேன். அது எனக்கே ஆச்சரியம்.

பெப்ரவரி 13

கன்டீனில் நானும் எஸ்தரும் இருந்த மேசைக்கு ஹான் தட்டோடு வந்தார். கேட்காமலே கதைத்தார். கொரியப் போர்க்காலத்தில் அவருடைய அப்பா அமெரிக்கப் பட்டாளத்தின் பால்மாவில் வளர்ந்தவராம். எண்பத்தேழில், மாணவனாக, ஹான் வீதியில் நின்று அமெரிக்கனே வெளியே போ என்று கத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அப்பா கன்னத்தில் அறைந்தாராம். "இப்ப என்ர மகள் டெக்சாசில படிக்கிறாள். பீஸ் கட்டுறது நான்." அவரே சிரித்தார்.

பிறகு எஸ்தரிடம் கொரிய மொழியில், மெதுவாக, ஏதோ கேட்டார். அவள் தடுமாறித் தடுமாறிப் பதில் சொன்னாள். இந்தமுறை அவர் ஆங்கிலத்துக்கு மாறவில்லை. அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மன்னிப்புக் கேட்டவரோ?" என்று பிறகு கேட்டேன்.

"இல்லை. சாப்பிட்டியோ எண்டு கேட்டவர். அந்த வயசு ஆக்களுக்கு அதுதான் மன்னிப்பு."

பெப்ரவரி 21

பதின்மூன்றும் தேறின. ஒன்பதாம் வளையத்தை வெட்டித் திரும்ப ஒட்டினார்கள். கப்பல் ஏழு நாள் பிந்திப் போனது. ஹென்றிக் என்னோடு கதைப்பதில்லை. பரவாயில்லை, கதைப்பார்.

செப்டெம்பர் 22

இரண்டாம் தொகுதி, பதினொரு வளையம். வந்தது எஸ்தர் மட்டும். உல்சான் கம்பனியின் நீலச் சட்டையோடு! ஏப்ரலில் ஹான் அவளை அங்கே வேலைக்கு எடுத்திருக்கிறார். "இன்னும் அமெரிக்கக்காரி எண்டுதான் கூப்பிடுகினம். கூப்பிடட்டும்." அவளுடைய அப்பா மூன்று மாதம் அவளோடு கதைக்கவில்லையாம். போன கிழமை சிக்காகோவில் இருந்து உல்சானுக்குப் போய்க் கப்பல் தளத்தைப் பார்த்தாராம். பார்த்த நாளிலிருந்து சபையில் எல்லோருக்கும் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறாராம்.

கூட்டத்தில் ஹென்றிக் ஒப்பந்தத்தைத் திறந்தார். எஸ்தர் கையால் மறித்தாள்.

"அது நல்ல விதிதான். எங்கட அளவு எட்டு."

என் றிப்போட்டைப் புரட்டினாள். நாலாவது வளையம் ஒன்பது மில்லிமீற்றர், ஏழாவது பத்து. எட்டைத் தாண்டியதால் இரண்டுக்கும் நான் முதலே சிவப்பு அடித்திருந்தேன். யாரும் கேட்டு அல்ல. ஹென்றிக் அதை அப்போதுதான் கண்டார்.

எஸ்தர் பேனையைத் திறந்து, என் பெயருக்குக் கீழே கையெழுத்து வைத்தாள்.