படகோட்டிக்கு எழுதிய வசனம்

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மாத்திரைகளை மறக்காமல் விழுங்கிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. என்ன திடீரென்று கடிதம், போன் கெட்டுப்போய்விட்டதா என்று நினைப்பாய். போன் நன்றாகத்தான் இருக்கிறது, என் வாய்தான் சரியில்லை. போனில் ஒரு வார்த்தை போய்விட்டால் போனதுதான், காகிதத்தில் என்றால் அடித்துவிடலாம், இந்தப் பக்கத்திலேயே எவ்வளவு அடித்திருக்கிறேன் பார். விஷயத்துக்கு வருகிறேன். நீ உன் புருஷன் வீட்டை விட்டு வந்து இரண்டு மாதமாகத் தோழியின் அறையில் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாமேல் கோபப்படாதே, அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. பழியெல்லாம் ஒரு யுத்தப் படத்தையும் உன் சித்தப்பாவையும்தான் சேரும். சித்தப்பாமேல் குற்றம் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் அப்பா விடவே மாட்டார் என்று சொல்வாய், சொல்லிக்கொள்.

அவருடைய டப்பிங் ஸ்டுடியோவுக்குப் போன மாதம் ஒரு வேற்றுமொழிப் படம் வந்தது. வழக்கம்போல வசனம் எழுத நான், அதைத் திருத்த அவர். இலக்கியத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவன் எழுதுவதை, கல்லூரியில் கேன்டீனைத் தவிர வேறெங்கும் உட்காராத மனிதர் திருத்துகிறார், உலகம் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. படத்தின் கதை ரொம்பச் சின்னது. தோற்றுப் பின்வாங்கிய ஒரு சிப்பாய்க் கூட்டம் அகலமான ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டில் மாட்டிக்கொள்கிறது, பாலம் இடிந்துவிட்டது, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, யாராவது வந்து மீட்பார்களா என்று காத்திருக்கிறார்கள். எடுத்தவர் விவரமானவர், யாரையும் அதிகம் பேசவிடவில்லை. உன் சித்தப்பாவுக்கு இது பொறுக்குமா, என்ன சகலை, ஆளுங்க சும்மா தண்ணியையே பாத்துட்டு நிக்கறாங்க, ஜனங்க ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க, முதுகு தெரியற எடத்துல எல்லாம் வசனத்தப் போட்டு ரொப்புங்க என்றார். எங்கள் தொழிலில் அப்படி ஒரு வசதி உண்டு. முகம் தெரிந்தால் உதடு அசைகிற அளவுக்குத்தான் எழுத முடியும், முதுகைக் காட்டி நிற்பவன் வாயில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், படம் எடுத்தவரே வந்தாலும் கேட்க முடியாது. நானும் ரொப்பினேன். கரையில் கூடாரத்துக்குள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு வயர்லெஸ்ஸில் ஆறுதல் மட்டும் அனுப்புகிற ஓர் அதிகாரி படத்தில் வருகிறார், அவருக்கு உன் சித்தப்பா எங்களிடம் தினமும் சொல்வதையே எழுதி வைத்தேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா, நாமெல்லாம் ஒரே குடும்பந்தானே என்று, அதுவும் பட்டினி கிடப்பவர்களைப் பார்த்து. படித்ததும் சண்டைக்கு வருவார் என்று ஆசையாகக் காத்திருந்தேன். மனிதர் நெகிழ்ந்துபோய், இதுல ஒரு தலைமைப் பண்பு இருக்கு சகலை, இந்தக் குரல நானே குடுக்கறேன் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றுவிட்டார். இப்படிப்பட்டவரை எப்படி அவமானப்படுத்துவது என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

படத்தின் கடைசியில் ஒரே ஒரு படகு வருகிறது. படகோட்டி நம் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்து, ஒவ்வொரு சிப்பாயாகக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றுகிறார். மூலத்தில் அவர் வாயே திறக்கவில்லை. இங்கதான் சகலை கைத்தட்டல் வாங்கணும், ஏறுறவங்கள நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கட்டும் என்றார் உன் சித்தப்பா. அந்த மாதிரி வசனம் எழுத எனக்கு யோசிக்கவே வேண்டாம், பேனாவைத் திறந்தால் தானாக வரும். எழுதியது காட்சியின் நீளத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஹாலில் நின்று உரக்கப் படித்தேன். அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன், போகாத போகாதன்னு, கேட்டியா, அப்ப நான் ஆகாதவன், இப்ப கழுத்து வரைக்கும் வந்ததும் நான் வேணுமா என்று குரலை ஏற்றி இறக்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா ஈரத் துணியோடு ஓடி வந்தாள். இத்தனை வருஷமாக நான் வசனம் படிக்கும்போது மிக்சியைப் போடுகிறவள் அவள். ஏங்க, உங்களுக்கு யாரு சொன்னா, இப்படித்தான் பேசுவீங்கன்னு தெரிஞ்சுதானே அந்தப் பொண்ணு வாயத் தொறக்காம கெடக்கு, இன்னும் வந்து சேரவே இல்ல, அதுக்குள்ள ஒத்திகை பாக்குறீங்களே, நீங்களெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டாள். எந்தப் பொண்ணு என்று நான் கேட்டேன். அப்போதுதான் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். என் வசனம் ஒருவரை அழவைத்தது அதுதான் முதல் தடவை, பதக்கம் எதுவும் தரவில்லை.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. உன் புருஷன் நாலு பேர் முன்னால் உன்னைக் கேவலமாகப் பேசியது, நீ ஒரே பையோடு கிளம்பி வந்தது, ஊருக்கு வர லீவு வாங்கி வைத்துக்கொண்டும் அப்பா முகத்துல எப்படிம்மா முழிப்பேன் என்று டிக்கெட் எடுக்காமல் இருப்பது. உன் சித்திக்குத் தெரியுமாம், அதனால் சித்தப்பாவுக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் படம் வெளியாகும் அன்றைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தீர்கள் போலிருக்கிறது. சந்தோஷம். உன் புருஷனைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்பே நான் சொன்ன கருத்து என்ன என்று உனக்குத் தெரியும், அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, இன்னும் நாலைந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் அதை நீ என் வாயிலிருந்து கேட்கப்போவதில்லை. மறுநாள் ஸ்டுடியோவில் படகோட்டியின் வசனத்தை மொத்தமாக எடுத்துவிட்டேன். உன் சித்தப்பா குதித்தார், படத்தோட உயிரே அதுதான் சகலை, தூக்கினா எப்படி என்றார். இப்படி ஒருத்தன் படகில் நின்று கத்திக்கொண்டிருந்தால் மணல்திட்டிலேயே முழுகிப்போகலாம் என்றுதான் எவனுக்கும் தோன்றும் என்றேன். எதாவது இருக்கணும் என்று பிடிவாதம் பிடித்தார். சரி என்று ஒன்று எழுதிக் கொடுத்தேன். பாத்து, வழுக்கும், அவ்வளவுதான். குரல் கொடுப்பவர் அதைச் சொன்னதும் கண்ணாடி அறைக்கு இந்தப் பக்கம் உன் சித்தப்பா ஹெட்போனைக் கழற்றி வைத்தார். என் பக்கமாகச் சாய்ந்து, புள்ள எப்ப வருது என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார் என்பதற்காக அவருடைய மற்றதையெல்லாம் மன்னித்துவிட நான் தயாராக இல்லை.

அதனால் சொல்கிறேன், கிளம்பி வா. பிறகு அங்கேயே திரும்பிப் போவாயோ, இங்கேயே இருப்பாயோ, அவனோடு பேசுவாயோ மாட்டாயோ, அதெல்லாம் உன் விஷயம், நீ கேட்டால் அபிப்பிராயம் சொல்வேன், கேட்காவிட்டால் அம்மாவிடம் சொல்லித் தீர்த்துக்கொள்வேன், அவளுக்குப் பழக்கம்தான். உன் கட்டிலின்மேல் குவித்திருந்த என் புத்தகங்களை எடுத்தாகிவிட்டது, அலமாரியில் பாதியைக் காலி செய்திருக்கிறேன், மீதி அம்மாவின் பழைய சேலைகள், அதை நீயே கேட்டுக்கொள், எனக்குத் தைரியம் இல்லை. பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ் எல்லாம் உன்னிடம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார், அந்த வீட்டில் இருந்தால் தனியாகப் போய் எடுக்காதே, தோழியைக் கூட்டிக்கொண்டு போ. இரவில் சரியாகத் தூங்கு. யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, அப்பாவே கேட்கவில்லை என்று சொல்லிவிடு, என்னை அறிந்தவர்கள் யாரும் அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டார்கள்.

எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, மனம் நோகாமல், நீண்ட காலம் நன்றாக இரு என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். டிக்கெட் எடுத்ததும் என்றைக்கு, எந்த விமானம் என்று எனக்கே செய்தி அனுப்பு, சித்தி வழியாக வேண்டாம். அழைத்துப்போக நான் மட்டும் வருகிறேன், அம்மா வந்தால் அங்கேயே அழ ஆரம்பித்துவிடுவாள். காரில் ஏறியதும் நான் என்ன கேட்பேனோ என்று பயப்படாதே. வீடு வந்து சேரும்வரை உன் சித்தப்பாவைப் பற்றி மட்டும்தான் பேசுவேன், அதற்கே தூரம் போதாது.

உன்,
அப்பா