ஹெட்மாஸ்டர் வீட்டு வெடிப்பெட்டி

ஆமத்தூர்,
10-10-61

அன்புள்ள அத்தானுக்கு,

ராமுத்தாய் எழுதுவது. இங்கே இருவரும் சுகம். கல்கத்தா சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா?

நேற்று ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு நம் பொன்னுத்தங்கத்தைச் சோதித்தார். மூன்றாம் வகுப்புப் பாடம் முழுவதையும் பிழையில்லாமல் ஒப்பித்தாள். நடுவில் ஒரு வார்த்தையில் விரலை வைத்து, "இது என்னடீ?" என்றார். விழித்தாள். காதால் கேட்டதெல்லாம் மனதில் நிற்கிறது, எழுத்துதான் பிடிபடவில்லை.

"மந்தம். ஆடு மேய்க்க விடு. இன்ஸ்பெக்டர் வாற அன்னைக்கு இங்கன அனுப்பிராதே" என்று பிள்ளைகள் முன்னாலேயே சிரித்தார். நிதானமாக, தனியாகச் சொல்லிக்கொடுக்கும்படி அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆம்பிளை சொன்னால்தான் அவர் காதில் ஏறும்.

உங்கள்
ராமுத்தாய்


கல்கத்தா,
20-10-61

அன்புள்ள ராமுத்தாய்க்கு,

தீபாவளி சீசன். லோடு இறக்கி முடியவில்லை, ஊருக்கு வர வழியில்லை.

கவலையை விடு. ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் பெரிய வெடிப்பெட்டி ஒன்று அனுப்பும்படி சிவகாசியில் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். வேண்டியவர்களுக்கெல்லாம் தீபாவளிக்கு இப்படித்தான் அனுப்புவோம். இனி அவளை ஒன்றும் சொல்லமாட்டார். இன்ஸ்பெக்டர் வரும் அன்று காய்ச்சல் என்று வீட்டில் வைத்துக்கொள். அவளுக்கு எழுத்து வராதது என் அக்காவுக்குத் தெரியவேண்டாம். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் யோசிப்பார்கள்.

அன்புடன்
சுந்தரபாண்டி


விருதுநகர்,
20-11-61

பொன்னுத்தங்கத்தின் தகப்பனாருக்கு,

பெட்டி போய்ச் சேர்ந்தது. நீங்கள் சொன்னபடியே ஹெட்மாஸ்டர் அவளை ஒன்றும் சொல்வதில்லை. பாடமும் சொல்வதில்லை. கடைசி வரிசையில் உட்கார்த்திவிட்டார். அவள் முறை வந்தால் அடுத்த பிள்ளைக்குத் தாண்டிவிடுகிறார், சிலேட்டை வாங்கிக்கூடப் பார்ப்பதில்லை.

போய்க் கேட்டேன். "அதான் பாஸ் போட்டுருதேன்னு சொல்லிட்டேன்ல தாயி, பெறகென்ன? சங்குசக்கரம் அம்புட்டு நல்லா சுத்துச்சு, வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க" என்று வாயெல்லாம் பல்லாக நின்றார். தூ! ஆனால் அவரைவிட உங்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் அருவருத்தது. நான் பாடம் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். நீங்கள் அவர் வாயை அடைத்தீர்கள்.

இங்கே வேறு பள்ளிக்கூடத்தில், இரண்டாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். டீச்சரிடம் எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக மணலில் எழுதவைக்கிறார். என் தம்பி கருத்தப்பாண்டி வீட்டில் தங்கியிருக்கிறோம். உங்கள் அக்காவிடமும் நானே சொல்லிவிட்டேன்.

தீபாவளியன்று ஹெட்மாஸ்டர் வீட்டு வாசலில் அந்த வெடிகளை வெடித்தபோது இவளும் நின்று வேடிக்கை பார்த்தாள். யார் அனுப்பியது என்று அவர் மகள் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "அப்பா எனக்கு அனுப்பலையாம்மா?" என்று கேட்டாள்.

அதற்குப் பதிலை நீங்களே வந்து சொல்லுங்கள். கையில் பெட்டி எதுவும் இல்லாமல் வாருங்கள்.

ராமுத்தாய்