கடையில் வாங்கிய வார்

அன்புள்ள மருமகளுக்கு,

மோட்டார் காயில் சுற்றுவதில் இந்த வட்டாரத்திலேயே முதல் ஆளான உன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கிடார் பிழைத்துவிட்டது. சனிக்கிழமை நீ முதல் மேடை ஏறுவதற்குள் வந்து சேரட்டும் என்று இந்தப் பார்சலிலேயே அனுப்புகிறேன்.

கம்பிகளுக்கு அடியில் நாதத்தைப் பிடிக்கிற பிக்கப்பில் மீட்டரை வைத்தால் முள் அசையவில்லை. உள்ளே காயில் அறுந்திருந்தது. மில் மோட்டாரையே சுற்றியவனுக்கு விரல் நீளக் காயில் எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன். அதன் செப்புக் கம்பியோ தலைமுடியைவிட மெல்லிசு. மூன்று முறை அறுந்தது. சரி, பதினொரு முறை.

அந்த நேரம் பார்த்து உன் அப்பா தன் தையல் மெஷின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீ வேலையை விட்டுப் பாட்டுக் குழுவில் சேர்ந்ததிலிருந்து இரண்டு வருடமாக உன் பேச்சையே எடுக்காத மனுஷன். கிடாரைப் பார்த்து, இது யாரோடது மாப்ளே என்றார், தெரியாத மாதிரி. ஒரு வாடிக்கையாளரோடது அத்தான் என்றேன், நானும் தெரியாத மாதிரி. உன் விரல் கடப்பாரை பிடிக்கத்தான் லாயக்கு, நீ சுத்து, கம்பியை நான் விடறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஊசியில் நூல் கோக்கிற விரல் அல்லவா, எட்டாயிரம் சுற்றும் அறுபடவில்லை. வெளியே பத்தாயிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

பூட்டி ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் நாதம் வந்தது, கூடவே ஆயிரம் வண்டு இரைகிற சத்தமும். திட்டாதே, காரணம் நான்தான். பிரிக்கும்போது ஒரு வயர் எங்கேயும் போகாமல், வாசிக்கிற கம்பிகளைத் தாங்கும் இரும்புத் தகட்டுக்கு அடியில் சும்மா முட்டிக்கொண்டு நின்றது. தண்டம் என்று வெட்டி எறிந்திருந்தேன். உன் அப்பா ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். வயர் சொருகுகிற ஜாக்கின் இரும்பைத் தொட்டால் இரைச்சல் அடங்கியது. கம்பியைத் தொட்டால் அடங்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் வெட்டியது கம்பிகளுக்கு எர்த் கொடுக்கிற வயரை. ஊர் மோட்டாருக்கெல்லாம் எர்த் கொடுத்தவன் செய்த வேலையைப் பார். உடனே திரும்பப் பற்றவைத்தேன். இனி நீ கம்பியில் கை வைத்த நொடி இரைச்சல் நின்றுவிடும். இப்படி ஒரு வேலையை வெளிநாட்டிலும் எவனும் செய்ய மாட்டான்.

உன் அப்பா கம்பியைத் தொடுவதும் விடுவதுமாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். போகும்போது, அந்த வாடிக்கையாளர் என்னைக்கு வாசிக்கிறாங்க என்று மட்டும் கேட்டார். அவர் கொண்டுவந்த மோட்டாரைப் பிறகு பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.

கிடாரோடு, தோளில் மாட்ட ஒரு கெட்டித்துணி வார் இருக்கிறது. அது கடையில் வாங்கியது. அப்படித்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு, எழுதிவிட்டேன். உன் பள்ளிக்கூடப் பையில் இருந்த அதே இரட்டைத் தையல் இதில் எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதே.

சனிக்கிழமை அதை மாட்டிக்கொண்டு வாசி. வார் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுக்கச் சொல். எனக்கு அனுப்ப வேண்டாம். அந்தக் கடைக்காரருக்கே நேராக அனுப்பு. முகவரி உனக்குத் தெரியும்.

மகராசியாக இரு, கண்ணு.

உன் மாமா