பெரட்டுக்கு மேலே போன நட்சத்திரம்

1957 ஒக்டோபர் 16, இரவு.

தோட்ட நிர்வாகம் இன்று வானத்தைப் பற்றி ஒரு மாபெரும் முடிவை எடுத்தது: காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டு நடக்கும்போது யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது.

விடியற்காலையில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூடுபனி இல்லை. ரஷ்யர்கள் ஏவிய செயற்கைச் சந்திரன் மலைக்கு மேலே நகர்ந்து போனது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் முத்தம்மா அதையே பார்த்து நின்றாள். தன் பெயருக்குக் குரல் கொடுக்கவில்லை.

“வானத்துல என்னாடி, ஒன் மாமனா போறான்?”

“மனுசன் செஞ்ச நச்சத்திரமாமுங்க. எப்புடிங்க கீழ விழாம போவுது?”

“அது ஒனக்குச் சோறு போடுமா?”

“நாங்க குடியிருக்கிற லயத்துல கடிகாரமாங்க இருக்கு? விடிவெள்ளியப் பாத்துத்தானே பெரட்டுக்கு வாறோம்.”

வரிசை சிரித்தது. ராகு காலம் பார்க்காமல் மூக்குக்கூடச் சிந்தாத கணக்கப்பிள்ளைக்குக் கிரகங்கள்மேல் திடீர் வெறுப்பு வந்தது. அண்ணாந்து பார்க்கத் தடை கேட்டார். அதற்கு ஒப்புதல் தந்த தோட்டத் துரையிடம் நல்ல பைனாக்குலர் இருக்கிறது. நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் பார்க்க.

ஆபீஸ் கிளாக்கரான நான் இதை என் டயரியில் எழுதி வைக்கிறேன். விழாமல் போவது எப்படி என்று இந்தத் தோட்டத்தில் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதை ஏவியவர்களும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியிருப்பார்கள்.

பெரட்டில் குரல் கொடுக்காதவருக்கு அன்று வேலை இல்லை. முத்தம்மா வெறுங்கூடையோடு லயத்துக்குத் திரும்பிப் போனாள்.