பிடுங்கிய நாணல்

திண்டிவனம், 31 அக்டோபர் 1940, வியாழன்.

நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். நாத்தனார் அன்னம்மாவின் குழந்தையுடைய கல்லறையை நானே முந்திப்போய்ச் சுத்தம் செய்தேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. அதன்மேல் வெள்ளையாகப் பூத்திருந்த நாணலைக் களை என்று வேரோடு பிடுங்கி மதிலுக்கு வெளியே எறிந்துவிட்டேன்.

பிறகு வந்த அன்னம்மா வெறும் மணலைப் பார்த்து நின்றாள்.

"இந்த மணல்ல ரோசா நிக்கல அண்ணி. நாணல்தான் புடிச்சிது. நான் வெச்சது, இப்பதான் பூத்துச்சு. எங்க அது?"

"மாடு மேஞ்சிருக்கும்" என்றேன். சொல்ல வாய் கூசவில்லை.

"போவட்டும், அதுக்கு இன்னா பசியோ" என்றாள்.

வீடு திரும்பும்போது என் தோளில் ஒட்டியிருந்த நாணல் பஞ்சை எடுத்தாள். ஊதிவிடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.