அத்தா பதில் சொல்ல வேண்டாம்

பழவேற்காடு,
புதன் இரவு, ஜூன் 1954.

பிரியமுள்ள சைதா அக்காவுக்கு,

அல்லாஹ்வின் பாதுகாப்பு உனக்கு என்றும் இருக்கட்டும். தங்கை நசீரா எழுதிக்கொண்டது. அத்தா விழித்துக்கொள்வாரோ என்று சிம்னியைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல் என்று சிரிக்காதே. காலையில் ஆரோக்கியமேரி டீச்சரிடம் கொடுத்தால் பொன்னேரியில் தபாலில் போட்டுவிடுவார்கள்.

மதராஸ் மெடிக்கல் காலேஜ் இன்டர்வியூவுக்குத் திங்கட்கிழமை அத்தா உன்னோடு வரப்போகிறார். வாசல் வரை என்றால் எனக்குப் பயமில்லை. “பொம்பளப் புள்ள நாலு ஆம்பள எதிர்ல இன்னா பேசும்? நான் பக்கத்துல நின்னுகினு பதில் சொல்லிக்கிறேன்” என்று கருவாட்டு மண்டியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். டீச்சரின் தங்கை போன வருஷம் இன்டர்வியூவுக்குப் போனபோது ஒரு தகப்பனார் இப்படித்தான் கதவருகே நின்று மகளுக்காகப் பதில் சொன்னாராம். அந்தப் பெண்ணிடம் வேறு எதுவும் கேட்காமல் போகச் சொல்லிவிட்டார்களாம்.

டீச்சர் தங்கை சொன்னதை எழுதுகிறேன், மனசில் வைத்துக்கொள். கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பேசு. தெரியாததைத் தெரியாது என்று சொல், சுற்றி வளைக்காதே. ஏன் டாக்டராக வேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். ஏழைகளுக்குச் சேவை என்று எல்லாரும் ஒப்பிப்பார்களாம். நீ நம் ஊரைச் சொல். இங்கே பெண்களுக்கு நோய் வந்தால் புருஷன்தான் பொன்னேரிக்குப் போய் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்கி வருகிறான், அவள் போவதில்லை என்று சொல்.

அம்மாவின் பெயரை மட்டும் சொல்லாதே. இதை உனக்கு எழுதமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன், எழுதாமலும் இருக்க முடியவில்லை. நோன்புப் பெருநாளுக்கு முன்னாலிருந்து அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. துணிகளை நான்தான் விடியுமுன் அலசுகிறேன். அத்தாவிடம் வயிற்று வலி என்றுதான் சொல்லியிருக்கிறது. அம்மா அத்தாவிடம் சொன்னது பாதி, அத்தா டாக்டரிடம் சொன்னது அதிலும் பாதி. சீசாவில் வருவது அந்தக் கால்வாசிக்கு மருந்து. அம்மா அதை வேளை தவறாமல் குடிக்கிறது. நேற்று அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

நான் அம்மாவை மிரட்டினேன், அக்கா. மதராசுக்கு வந்து டாக்டரிடம் காட்டாவிட்டால் அத்தாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றேன். “உன் நாக்குல நெருப்ப வெக்க, நீ புள்ளையா இல்ல போலீசா?” என்று திட்டியது. அப்புறம், சைதாவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, நானும் வருகிறேன் என்று அத்தாவிடம் கேட்டது. அத்தா சந்தோஷமாகச் சரி என்றுவிட்டார். அம்மாவுக்காக ரயிலில் பெண்கள் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியில் ஏறப்போகிறாராம்.

எந்தக் காலேஜ் என்று என்னைக் கேட்டிருந்தாய். இரண்டிலும் இடம் வந்தால் வேலூருக்குப் போ. மதராஸ் காலேஜ் பெரியது, பெயருள்ளது என்று டீச்சர் சொல்கிறார்கள். ஆனால் அத்தா வாராவாரம் மண்ணடிக்குச் சரக்கோடு வருகிறவர். வீட்டில் யாருக்காவது தலைவலி என்றாலும் அன்று மாலையே உன்னைக் கையோடு கூட்டிவந்துவிடுவார். வேலூருக்கு அப்படி வரமுடியாது. அங்கே முடிந்ததும் அவர்கள் சொல்கிற ஊரில் சில வருஷம் வேலை செய்ய வேண்டுமாம், செய்துவிடு. சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு இப்போது தினமும் போவதில்லை, அதைப் பற்றி நீ யோசிக்காதே.

இனி திங்கட்கிழமை விஷயம். அவர்கள் ஸ்டேஷனில் இறங்கியதும் நீ அத்தாவைத் தனியாகக் கூப்பிட்டு அம்மாவுக்கு என்ன என்று சொல்ல வேண்டும். பாதி இல்லை, முழுசாக. கோஷா ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர்கள்தான் பார்ப்பார்கள், ஆண்கள் வெளியே இருந்தால் போதும், அம்மாவே பேசிக்கொள்ளும் என்று சொல். அத்தா அம்மாவோடு அங்கே போகட்டும். இன்டர்வியூவுக்கு நீ உன் ஹாஸ்டல் வார்டனோடு போ.

நானே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அத்தா பக்கத்தில் போய் நின்றேன். “இன்னாம்மா?” என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். எனக்கு வாய் வரவில்லை, அக்கா. உனக்கு வர வேண்டும். அத்தா முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த இன்டர்வியூ கமிட்டிக்காரர்கள் உனக்கு ஒரு பொருட்டே இல்லை.

இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். கிடைக்க வேண்டும்.

அம்மா அசைகிறது, விளக்கை அணைக்கிறேன். அல்லாஹ் உன் நாவுக்குத் தைரியம் தரட்டும். அம்மாவை ஊருக்குத் திருப்பி அனுப்ப அவசரப்படாதே. நான் இங்கே தனியாக இருந்துகொள்வேன்.

உன் துஆவை வேண்டும்
நசீரா