எனக்கு இல்லாத காமாலை

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே புழுக்கம். குழாய்த் தண்ணீரில் இன்றும் சாக்கடை வாடை. தெருவில் மூன்று வீட்டில் காமாலை. புகார் சொல்லப் போனால் "டேங்க் கழுவியாச்சு சார்". கழுவியவனையே அதைக் குடிக்கச் சொல்லவேண்டும்.

லேப் ரிசல்ட் வந்தது. தடுப்பூசிக்கு முன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா பார்த்துவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். ஹெபடைடிஸ் ஏ, அதாவது தண்ணீரில் பரவும் இந்தக் காமாலை: எனக்கு ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். சின்ன வயதில் எப்போதோ வந்து போயிருக்கிறது. இனி ஆயுசுக்கும் வராது. என்னிடமிருந்து யாருக்கும் பரவவும் பரவாது. ஊசி வேண்டாம். மனைவி கலாவுக்கு இரண்டும் நெகட்டிவ். அவள் போட்டாக வேண்டும்.

குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு வாரமாகக் கீழாநெல்லி, கரும்புச்சாறு, கழுதைப்பால். தாங்கவில்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் போட்டு, ஐஜிஎம் என்றால் இப்போதுள்ள நோய், ஐஜிஜி என்றால் பழைய நோய் விட்டுப்போன பாதுகாப்பு என்று நீளமாக ஒரு விளக்கமும் எழுதினேன். காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தியே தலை நரைத்தவன். இதையாவது படிக்கட்டும்.

வாங்க: பிளீச்சிங் பவுடர். வளர்மதி மகளுக்குப் பட்டுப்பாவாடை (அளவு கேட்கணும்). காதுகுத்துக்குத் தோடு, ஆசாரியிடம்.

ஜூன் 3, செவ்வாய்

ஒருத்தரும் படிக்கவில்லை. லேப்காரன் 'பாசிட்டிவ்' என்பதைச் சிவப்பில் அடித்திருக்கிறான். அது போதும். வரிசையாகக் கும்பிடும் கைகள். "சீக்கிரம் குணமாக முருகன் அருள்" என்று சித்தப்பா.

மதியம் மாப்பிள்ளை ஃபோன். தங்கை வளர்மதி வீட்டுக்காரர். அரூரில் உரக்கடை.

"மச்சான், காமாலையாமே?"

"இல்லீங்க மாப்பிள்ளை. அது எதிர்ப்புச் சக்தி. எழுதியிருந்தேனே."

"படிச்சேன், படிச்சேன். பாசிட்டிவ்னுதான போட்டிருக்கு?" கொஞ்சம் இழுத்தார். "ஞாயித்துக்கெழம பாப்பாவ ஒங்க மடியில வெக்க எங்கம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. பெரியசாமிய ஒக்கார வெச்சுக்கலாம்ங்கறாங்க. அவரும் மாமன் மொறதான."

பெரியசாமி. சித்தப்பா மகன். உழும்போதெல்லாம் வரப்பை என் பக்கம் தள்ளுகிறவன். அவன் மடியா?

வளர்மதிக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, ஊரெல்லாம் பேசித் தீர்த்த பிறகு பிறந்த குழந்தை. எனக்கும் கலாவுக்கும் அதுவும் இல்லை. இந்த ஒரு காதுகுத்து. மாமன் மடி என்றால் அது என் மடி.

வைக்கும் முன் சொன்னார்: "கலாக்கா தாராளமா வரட்டும். அவங்களுக்குத்தான் நெகட்டிவாச்சே."

நோய் பிடிக்கக்கூடியவள் சுத்தம். பிடிக்கவே பிடிக்காதவன் தீட்டு.

ஜூன் 4, புதன்

மாலை வளர்மதி பேசினாள்.

"அண்ணா, ஏரியூர் பக்கம் ஒருத்தர் காமாலை எறக்கறாராம். வியாழன், ஞாயிறு மட்டும். நாளைக்குப் போயிட்டு வந்துட்டீங்கன்னா அத்த வாய மூடிக்குவாங்க."

"இல்லாத காமாலைய எப்படிம்மா எறக்குவான்?"

"இல்லாததுன்னா எறக்கறது சுலபந்தானண்ணா."

டாக்டரையே பேசச் சொல்கிறேன் என்றேன். டாக்டர் சொன்னால் அத்தை கேட்பார்களா என்றாள். பெரியசாமிக்கு வேட்டி சட்டை எடுத்தாகிவிட்டதாம்.

போகமாட்டேன். எம்.எஸ்ஸி. படித்தது இதற்கா.

ஜூன் 5, வியாழன்

போனேன்.

வெறும் வயிறு. பென்னாகரம் போய் பஸ் மாறி, அப்புறம் ஷேர் ஆட்டோ. மாப்பிள்ளை பைக்கில் முன்னாலேயே வந்து நின்றிருந்தார், நான் ஏமாற்றிவிடுவேனோ என்று. புளியமரத்தடியில் வரிசை. முக்கால்வாசிப் பேருக்குக் கண் நிஜமாகவே மஞ்சள்.

வைத்தியர் முதலில் உள்ளங்கையில் ஏதோ பட்டைச் சாற்றைத் தேய்த்தார். பிறகு சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். தாம்பாளத்தில் மஞ்சள் மஞ்சளாக இறங்கியது. சாறும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் நிறம். மாப்பிள்ளை கையைக் கழுவினாலும் அப்படியேதான் இறங்கும். சொன்னேன்.

"மச்சான், வாத்தியார் வேலைய இங்க காட்டாதீங்க."

வைத்தியர்: "நெறையா இருந்திருக்குதுங்க. இன்னும் நாலு நாள் வுட்டிருந்தா கஷ்டம்."

மாப்பிள்ளை எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்.

பத்தியம்: உப்பு, புளி, எண்ணெய் கூடாது.

கடைசியில் மந்திரித்த தண்ணீர். ஒரே குடம், ஒரே டம்ளர். மஞ்சள் கண்காரர்கள் விரலோடு முக்கி முக்கிக் குடித்தார்கள். நான் குடித்தேன். எனக்கென்ன. மாப்பிள்ளையும் கை நீட்டினார்.

"நீங்க குடிக்காதீங்க. ஒங்களுக்கு டெஸ்ட்டும் எடுக்கல, ஊசியும் போடல."

"மந்திரிச்ச தண்ணிங்க மச்சான். இதுல என்ன இருக்கு."

மடக் மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டம்ளர்.

ஜூன் 6, வெள்ளி

வீடியோ குரூப்பில். மஞ்சள் தண்ணீருக்கு அத்தனை கைதட்டல். என் விளக்கத்துக்கு ஒரு லைக் கிடையாது. பெரியசாமிகூட "வாழ்த்துகள் அண்ணா". அயோக்கியன்.

கலா ஊசி போட்டுக்கொண்டாள். கை வலியாம்.

"குரூப்புல போடாமயே இருந்திருக்கலாமில்ல?" என்றாள்.

பேசாதே என்றேன். உப்பில்லாத கஞ்சி. வீட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்றாலும் உப்புப் போட மறுக்கிறாள். வளர்மதிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளாம்.

ஜூன் 8, ஞாயிறு

கோயில். லேசான தூறல், நல்லவேளை. தோடு, பாவாடை, மாம்பழம், தேங்காய், எல்லாத் தட்டும் கொடுத்தாயிற்று. பாவாடை கொஞ்சம் நீளம்.

வளர்மதியின் மாமியார் என் கண்ணிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்கள், சந்தையில் ஆட்டைப் பார்ப்பதுபோல. "ம். வெளுத்துருச்சு. ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். பாப்பாவின் மொட்டைத்தலையில் சந்தனம். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். ஆசாரி குத்தியதும் மூச்சடைத்து, பிறகு ஒரே வீறல். வேறு யாரிடமும் போகவில்லை. தோளிலேயே தூங்கிவிட்டாள். அந்த நேரம் எவன்மேலும் கோபம் இல்லை என்று எழுதத்தான் வேண்டும்.

பந்தியில் எனக்கு மட்டும் வெறும் சோறு, உப்பில்லாத மோர். எதிரே மாப்பிள்ளை. பாப்பாவை மடியில் வைத்து, பொங்கலை வாயில் போட்டு மசித்து, விரலால் எடுத்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமைத் தண்ணீரில் அவருக்குத் தொற்றியிருந்தால் தெரிய நாலு வாரம்கூட ஆகும். ஆனால் தெரிவதற்கு முன்பே அடுத்தவருக்குப் பரவ ஆரம்பித்துவிடும்.

வளர்மதியைத் தனியாகக் கூப்பிட்டேன். நாளைக்கே பாப்பாவுக்கு ஊசி போட்டுவிடு, மாப்பிள்ளைக்கும் டாக்டரிடம் கேள், செலவு என்னுடையது என்றேன்.

சிரித்தாள். நாலு நாளுக்கு அப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு.

"எதுக்குண்ணா ஊசி? ஒங்களுக்குத்தான் சரியாப் போயிருச்சே."